ஊறல் வீட்டு மறுவீடு

அழுகின வாழைப்பழத்துக்கு ஒரு நாற்றம். அழுகின ஆரஞ்சுக்கு வேறொரு நாற்றம். இரண்டையும் கறுப்பு வெல்லத்தோடு ட்ரம்மில் போட்டு, நவச்சாரம் தூவி, ஏழெட்டு நாள் மூடி வைத்தால் வருவது மூன்றாவது நாற்றம். நான் வளர்ந்தது அதில்தான். இன்றைக்கும் யாராவது பழக்கூடையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றால் எனக்குக் குமட்டும். வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோல நடிப்பேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் இருந்தோம். பம்பாயில் அப்போது மதுவிலக்கு. நாற்பது தாண்டியவர்களுக்கு சர்க்கார் பெர்மிட் கொடுக்கிறார்கள் என்று பேச்சு வந்திருந்தாலும், தாராவிக்காரன் எவன் போய் பெர்மிட் வாங்கப் போகிறான்? திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த என் அப்பா, அந்த வேலையை விட்டுவிட்டுச் சாராயம் காய்ச்சத் தொடங்கினார். எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் காடி, அதாவது கடல்நீர் வந்து போகும் சதுப்பு. அந்தச் சேற்றில் ட்ரம்களைப் புதைத்து ஊறல் போடுவார். முன்னறையில் இரண்டு பெஞ்சு, நான்கு பாய். குடிக்க வருகிறவர்கள் அங்கே உட்காருவார்கள். உள்ளறையில் நாங்கள் நான்கு பேர், அப்பா, அம்மா, அக்கா, நான்.

சாராயம் ஊற்றிக் கொடுக்கிற மற்ற இடங்களை எல்லாரும் அட்டா என்பார்கள். எங்கள் வீட்டை அப்படிச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். அவரைப் பொறுத்தவரை வருகிறவர்கள் விருந்தாளிகள். வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிடுவார். ஒவ்வொருவருக்கும் இன்ன இடம் என்று உண்டு, இன்னாருக்கு அவித்த முட்டை, இன்னாருக்குச் சுண்டல், இன்னாருக்குப் பொரித்த கருவாடு என்று கணக்கு உண்டு. போலீஸ் வந்து இவர்களெல்லாம் யார் என்று கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்லவேண்டும். அதற்காக எங்களை முறை சொல்லிக் கூப்பிடப் பழக்கியிருந்தார். நரைத்தவர் பெரியப்பா, மீசைக்காரர் சித்தப்பா, மீதி எல்லாம் மாமா. அவர்களுக்கும் பாடம் உண்டு. யார் யாருக்குத் தம்பி, யார் எந்த ஊரிலிருந்து எந்த விசேஷத்துக்கு வந்திருக்கிறார் என்று அப்பா சொல்லிக்கொடுப்பார், அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். சீ, என்ன பிழைப்பு அது! பதினேழு குடிகாரர்களை மாமா, சித்தப்பா என்று கூப்பிட்டு, அவர்கள் வாந்தி எடுத்த இடத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி அள்ளிக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய் உட்காருவேன். பக்கத்துப் பெண் நைசாக நகர்ந்து உட்காருவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் நோட்டுப் புத்தகமே நாறும்.

என் வேலை பழம் பொறுக்குவது. பழ மார்க்கெட்டில் தள்ளுபடியானதை அப்பா சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். அதைக் கொட்டி, தண்டு, இலை, செத்த எலி என்று ஆகாததை எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் கையால் பிசையவேண்டும். புழு இருந்தால் பரவாயில்லை என்பார், காய்ச்சும்போது எல்லாம் போய்விடுமாம். விரலிடுக்கில் அது நெளியும். அந்தக் கையைச் சீயக்காய் போட்டு எத்தனை தேய்த்தாலும் சோறு பிசையும்போது நாற்றம் திரும்ப வரும். நான் வெகுநாள் ஸ்பூனால்தான் சாப்பிட்டேன், அதற்கு அம்மா என்னைத் துரைசாணி என்று கேலி செய்வாள்.

அப்பா ஒரு சொட்டு குடித்ததில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சரக்கு நன்றாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, விரலை முக்கித் தீக்குச்சி கொளுத்திக் காட்டுவார். விரல் நுனியில் நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு. நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார். ஊரைக் குடிக்க வைத்துவிட்டுத் தான் சுத்தமாக இருந்த அந்த மனுஷனை நினைத்தால் எனக்குக் குடிகாரர்கள் மேல் வருவதைவிடக் கூடுதலான அருவருப்பு வருகிறது.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஊற்றிக் கொடுப்பது அவள் வேலை. யார் முகத்தையும் பார்க்காமல் கிளாஸை மட்டும் பார்த்து ஊற்றுவாள். அவளிடம் நல்ல சேலை ஒன்றே ஒன்று இருந்தது, மாம்பழக் கலரில். எங்கள் வீட்டில் வைத்தால் வாடை ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டு அம்மாளின் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். இந்த வீட்டைவிட்டு எப்படியாவது போய்விடவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அதே எண்ணம்தான். மூத்தவள் ஒருத்தியையாவது கரையேற்றிவிட்டால் போதும் என்று எந்நேரமும் புலம்புவாள். இளையவளைப் பற்றி ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆண்டாப் ஹில்லில் இருந்த சித்தி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை கல்யாண் என்ற ஊரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த அம்மாளின் புருஷன் குடித்தே செத்தவராம். ஒரே மகனைக் காபிகூடக் கொடுக்காமல் வளர்த்திருக்கிறாள். பெண் வீட்டைப் பற்றி அவள் கேட்டு அனுப்பியது ஒரே கேள்விதான், வீட்டில் யாராவது குடிப்பார்களா என்று. அம்மா நெஞ்சில் கைவைத்து, எங்கள் வீட்டில் ஒருத்தரும் குடிக்கமாட்டோம் என்று சொல்லியனுப்பினாள். அது உண்மைதான். அப்பாவுக்குப் பழ வியாபாரம் என்றும் சொல்லியனுப்பினாள்.

பெண் பார்க்க மாதுங்கா கோயிலுக்கு வாருங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். அந்த அம்மாள் ஒப்பவில்லை, பெண்ணை அவள் வீட்டில்தான் பார்க்கவேண்டும் என்றாள். மூன்று நாள் வீட்டைக் கழுவினோம். ஃபினாயில், சாணி, சாம்பிராணி. பெஞ்சுகளைக் கொண்டுபோய்க் காடிப் பக்கம் போட்டோம். அப்பா வாடிக்கைக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லி அன்றைக்கு ஒருநாள் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வந்துவிட்டார்கள். பதினேழு பேரும் வந்தார்கள். குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, வெற்றிலை பாக்கும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பெண் வீட்டில் நாலு சொந்தக்காரர்கள் இருந்தால்தானே மரியாதை என்று அவர்களாகவே பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். போலீஸுக்காகப் படித்த பாடம் முழுவதையும் அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஒப்பித்தார்கள். பெரியப்பா எங்கள் குலதெய்வத்தைப் பற்றிப் பேசினார். மீசைக்காரச் சித்தப்பா, அக்கா பிறந்தபோது தான்தான் சர்க்கரை வாயில் வைத்ததாகச் சொல்லி அழுதார், அதுவும் நிஜமான அழுகை. காலையிலிருந்து குடிக்காததால் அவர் கை நடுங்கி, காபித் தட்டில் டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. அந்த அம்மாள் என்ன என்று கேட்க, மலேரியா என்றார். எனக்கு அப்படியே எழுந்து கத்திவிடவேண்டும்போல் இருந்தது. எங்கள் சொந்தச் சித்தப்பன்மார் ஒருத்தர்கூட இத்தனை பாந்தமாக நடந்துகொண்டதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை பெரிய குடும்பமா என்று அந்த அம்மாளுக்குச் சந்தோஷம். அங்கேயே பூ வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் தெரு முனை திரும்பியதும் அப்பா எல்லாருக்கும் ஊற்றினார். அக்கா மாம்பழக் கலர் சேலையோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், வாடை படுவதற்கு முன்னால் அவிழ்த்து வைக்க.

கல்யாணம் முடிந்தது. அடுத்து மறுவீடு, புது மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து விருந்து சாப்பிடவேண்டும். ஆண்டாப் ஹில் சித்தி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா அப்பாவிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. தன் மாப்பிள்ளைக்குத் தன் வீட்டில் இலை போடாமல் இன்னொருத்தர் வீட்டில் போடுவதா என்று குதித்தார். கடையை இரண்டு நாள் மூடினார். அத்தோடு விட்டிருந்தால் அவருக்கு இன்றைக்கும் நான் திதி கொடுத்திருப்பேன்.

நிச்சயம் ஆனபோதே அவர் இன்னொரு வேலையும் தொடங்கியிருந்தார். மார்க்கெட்டில் நல்ல கறுப்புத் திராட்சையாகப் பார்த்து இரண்டு கூடை வாங்கி வந்தார். அழுகாத பழத்தை அவர் வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒவ்வொன்றையும் துணியால் துடைக்கச் சொன்னார். என்னைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொல்லிப் பிசைய வைத்தார். பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு, நாற்பது நாளைக்கு மேல் மூலையில் வைத்திருந்தார். அதைக் காய்ச்சவில்லை. இது சாராயம் இல்லை, ஒயின் என்றார். விருந்தாளிகளுக்கு ஒரு சொட்டு தரவில்லை. ஜாடியைத் திறந்தபோது அந்த வீட்டில் என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு நல்ல மணம் வந்தது. மணக்கிறது என்று என் மனசு ஒத்துக்கொண்டதே, அதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அம்மா ஜாடியைக் கண்டதும் பதறினாள். குடிக்காத பிள்ளை, அவன் தகப்பன் அதிலேதான் போனான், வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது குடியாட்டி? என் வீட்டுக்கு வந்த மாப்பிள்ள. என் கையில இருக்கறதுல ஒசந்ததக் கொடுக்காம வேற எதக் கொடுக்கச் சொல்லுத?" என்றார் அப்பா.

மறுவீட்டன்று கறிச்சோறு சாப்பிட்டு மாப்பிள்ளை பாயில் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான மனுஷர், கூச்ச சுபாவம், என்னைப் பார்த்துக்கூட வாங்க போங்க என்றுதான் பேசினார். அப்பா உள்ளே பார்த்து எனக்குக் கண் காட்டினார். நான் ஜாடியிலிருந்து வெள்ளி டம்ளரில் முகந்தேன். நிலைப்படியில் அக்கா நின்றாள். கழுத்தில் புதுத்தாலி, தலையில் பூ, அவள் மேல் மஞ்சள் வாசனை வந்தது, எங்கள் வீட்டு வாசனை இல்லை.

"கொட்டிருட்டி. கைதவறிட்டுன்னு சொல்லிக்கிடலாம்" என்றாள் மெதுவாக.

கொட்டியிருக்கலாம். ஒரு அடிதான், வாங்கியிருப்பேன், எத்தனையோ வாங்கியிருக்கிறேன். எனக்கு அப்போது பதினான்கு வயது, ஒன்றும் தெரியாத குழந்தை இல்லை. அவள் சொன்னது காதில் விழவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே ஏமாற்றிப் பார்க்கிறேன். விழுந்தது. அவள் சாயங்காலம் கல்யாணுக்குப் போய்விடுவாள், நாளைக்குக் காலையில் நான் பழம் பிசைவேன், அவள் வேலையையும் சேர்த்துக் குடிகாரன்களுக்கு ஊற்றுவேன். அந்த மஞ்சள் வாசனை எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளைத் தாண்டிப் போய் டம்ளரை அத்தான் கையில் கொடுத்தேன்.

அவர் என்ன சர்பத் இது என்று கேட்டார். திராட்சைச் சாறு என்றார் அப்பா. நன்றாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அதற்கப்புறம் கூச்சமெல்லாம் போய்விட்டது. சிரித்தார், அப்பாவைக் கட்டிப்பிடித்தார், எல்லார் முன்னாலும் அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தவர்போல நின்றார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் அத்தான் தனியாக வந்தார். அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை காரணமெல்லாம் சொல்லவில்லை. ஜாடி காலியானதும் அப்பா ட்ரம்மிலிருந்து இறக்கியதைக் கொடுத்தார், அவரும் வித்தியாசம் கேட்கவில்லை. பெஞ்சில் சுவரோரம் நல்ல இடமாகப் பார்த்து அவருக்கு ஒதுக்கினார்கள். பெரியப்பாவும் சித்தப்பாவும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். நான்தான் ஊற்றினேன். வாரம் ஒருநாள் என்பது மூன்று நாளானது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று அம்மா அப்பாவின் காலில் விழுந்தாள், நிஜமாகவே விழுந்தாள். வீட்டு மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தச் சொல்கிறாயே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று அவர் கேட்டார்.

ஒரு நாள் அத்தானுடைய அம்மா கல்யாணிலிருந்து தேடிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் செருப்போடு நின்று உள்ளே பார்த்தாள். லுங்கியும் கிளாஸுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தரையும் வரிசையாகப் பார்த்தாள். குலதெய்வம் பேசியவர், மலேரியாக்காரர், எல்லாரையும் அடையாளம் தெரிந்துகொண்டாள். அவர்களில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று வாங்க சம்பந்தி என்று கும்பிட்டார்கள். கண்றாவி.

"எல்லாரும் இங்கனதான் இருக்கீகளா" என்றாள் அவள். மகனைக் கூப்பிடவில்லை. வாசல்படியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். அதை நான்தான் கழுவினேன். அந்த வீட்டில் நான் கழுவியதிலேயே நியாயமான எச்சில் அது ஒன்றுதான்.

அப்புறம் அத்தானுக்குப் பட்டறை வேலை போனது. எங்கள் வீட்டிலிருந்து திரும்பும்போது சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து முன்பல் இரண்டு உடைந்தது. இன்னொரு தடவை தண்டவாளத்துப் பக்கம் சாய்ந்தவரை யாரோ காலரைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அக்கா ஒரு மத்தியானம் தனியாக வந்தாள். மெலிந்து, கண் குழிந்து, கையில் கண்ணாடி வளையல் இரண்டு மட்டும். அம்மா வழக்கம்போல விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். அக்கா இல்லை என்றாள்.

அப்பாவிடம் அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அவர் இனி இங்கே வரமாட்டார், நானே வாரம் ஒருதடவை வந்து எடுத்துப் போகிறேன், வீட்டிலேயே குடித்துக் கிடக்கட்டும், ரயிலில் அடிபட்டுச் சாகவேண்டாம் என்று அடுக்களையில் நின்று ஒரே மூச்சில் சொன்னாள். அப்பா மோட்டார் டயர் ட்யூப் ஒன்றை வெட்டி, ஒரு முனையைக் கட்டி, சரக்கை நிரப்பி மறுமுனையையும் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். போலீஸ் பயத்தில் பெண்கள் அந்த ட்யூபைச் சேலைக்கு அடியில் கட்டிக்கொண்டு போவது அப்போது அங்கே வழக்கம்தான். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை செய்ததில்லை. அக்கா சேலையைத் தளர்த்திக்கொண்டு நின்றாள். நான் வேட்டிக் கிழிசலால் ட்யூபை அவள் வயிற்றோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். ரப்பர் வாடையும் சாராய வாடையும் என் முகத்தில் அடித்தது. அவள் எலும்பு என் கையில் இடித்தது. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அக்காவைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் கூடப் போனேன்.

சயானில் பெண்கள் பெட்டியில் ஏறினோம். நிற்க இடமில்லை. அக்காவின் வயிற்றைப் பார்த்ததும் ஒரு மராட்டிக்கார அம்மாள், கூடையில் கொய்யாப்பழம் விற்கிறவள், சட்டென்று எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். மற்றவர்களையும் அதட்டி நகரச்சொல்லி எனக்கும் கொஞ்சம் இடம் பண்ணினாள். எத்தனை மாசம் என்று மராட்டியில் கேட்டாள். ஐந்து என்றாள் அக்கா, தயங்கவே இல்லை. அந்த அம்மாள் நல்ல பழமாக ஒன்று தேடி எடுத்துச் சேலையில் துடைத்துக் கொடுத்தாள். ஆசையாக வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தாணா வரும்வரை சிரித்தமுகமாகப் பேசிக்கொண்டே வந்தாள்.

தாணாவில் அந்த அம்மாள் இறங்கியதும் நான் அக்காவிடம் சீறினேன், எப்படி வாய் கூசாமல் இப்படி ஒரு பொய் வருகிறது என்று.

அவள் கொய்யாப்பழத்தைக் கடித்தாள். மென்று முழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"பொய்யா? இருந்திருந்தா இன்னிக்கு அஞ்சு மாசந்தான். போன மாசம் அவுக குடிச்சிட்டுப் பிடிச்சுத் தள்ளுனதுல கலைஞ்சு போச்சு. அம்மைகிட்டச் சொல்லிராதட்டி."

எனக்குச் சொல்ல என்ன யோக்கியதை இருந்தது? வண்டி கல்யாணை நோக்கி ஆடி ஆடிப் போனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ட்யூப் கட்டு நெகிழ்ந்து கீழே இறங்கியது. அவள் பழத்தை மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தாள். ஒரு பக்கம் சரிந்தது. அந்தப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.